நமக்கெதுக்கு மாப்பிள்ளை

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது என் சின்னம்மா வீட்டுச் சமையலறையில். சின்னம்மா என்றால் என் அம்மாவுக்கு நேர் இளையவள். அவளுக்கு ஒரே மகள். எனக்குத் தங்கை முறை. கூடப் பிறக்கவில்லையே தவிர, என் இடுப்பில் வளர்ந்தவள். அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த சமயம் அது. சித்தப்பாவின் அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பையனுக்குச் சொந்தமாக லாண்டரிக் கடை. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், யார் வீட்டுக்கும் போக மாட்டான் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

முதல் இரண்டுக்கும் சின்னம்மா தலையாட்டினாள். மூன்றாவதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டுக்கும் போகாதவன் நம் வீட்டுக்கு மட்டும் எப்படி வருவான் என்று கேட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெங்காயம் உரிக்கிறவள் பேச்சு எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது?

அந்த நேரம் பார்த்து சித்தப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா உள்ளே வந்தாள். அந்தக் கடை இருக்கிற தெருவிலேயே குடியிருப்பவள். கடைக்கு அடையாளம் சொன்னதும், "அட, நம்ம நமக்கெதுக்கு" என்றாள். சின்னம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்காக இப்படிச் சலித்துக்கொள்கிறாள் என்று முகத்தைச் சுருக்கினாள். நாத்தனார் விளக்கினாள். அது சலிப்பு இல்லையாம், பையனுக்குத் தெருவில் வைத்த பெயராம். யார் எதைச் சொன்னாலும் நமக்கெதுக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவானாம். சொல்லிவிட்டுக் கடைசியில், "ரொம்ப நல்ல பையன்" என்று ஒரு முத்திரையும் குத்தினாள்.

நல்லவன் என்று பெயர் வாங்குவது அவ்வளவு சுலபம். யாரையும் அடிக்காதவன் நல்லவன். யாரையும் திட்டாதவன் அதைவிட நல்லவன். வாயையே திறக்காதவன் மகான். அப்படிப் பார்த்தால் அந்தச் சமையலறையில் கிடந்த நாற்காலிகூட நல்லதுதான். நாற்காலியாவது வருகிறவருக்கு உட்கார இடம் கொடுக்கும்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எனக்கு அவர் மாப்பிள்ளை. முறைக்கு மரியாதை உண்டு, அதனால் 'அவர்' என்றே சொல்கிறேன்.

இந்தக் குணம் அவர் தானாகச் சம்பாதித்தது இல்லை, பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கிக் கிழிக்கிறவர். தினமும் ஊரே அவரைக் கடந்து போகும், அவர் ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை, கைகளை மட்டும் பார்ப்பார். ஒரு நாள் பக்கத்து வீட்டு அடுப்பங்கரையில் திரைச்சீலை பற்றிக்கொண்டு புகை மண்டியது. மனுஷன் எழுந்து போய்த் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். தெரு ஜனம் தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு கேட்டார்களாம், பார்த்தீங்களா இல்லையா என்று. பார்த்தேன், புகை வந்தது, சாத்தினேன் என்றாராம். நெருப்பு அடுத்தவன் விவகாரம், புகை மட்டும்தான் அவருக்குச் சேர்ந்தது. இதை அவருடைய மனைவி, அதாவது என் தங்கையின் மாமியார், பெருமையாக எங்களிடம் சொன்னாள். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற குடும்பமாம்.

மாப்பிள்ளை கடையையும் அப்பாவின் மனசு மாதிரியே கட்டியிருந்தார். தெருவைப் பார்த்து ஒரு சின்னக் கட்டை ஜன்னல். அதில் அழுக்குத் துணி மூட்டையைத் தள்ள வேண்டும். உள்ளேயிருந்து ஒரு கை வந்து டோக்கனைக் கொடுக்கும். சலவையான துணி வாசல் சுவரில் கொக்கிகளில் தொங்கும், எண்ணைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பேச்சுக்கு வேலையே கிடையாது.

வேலையில் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எப்பேர்ப்பட்ட கறையையும் எடுத்துவிடுவார். சட்டையின் தோளைப் பார்த்தே போட்டவன் எந்தப் பக்கம் பை மாட்டுகிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வீடு என்ன நடக்கிறது என்பது துணியில் தெரியாமல் போகுமா? எல்லாம் தெரியும் அவருக்கு. தெரிந்து என்ன? கிணற்றில் போட்ட கல்.

வாரா வாரம் துணி போடுகிற டீச்சரம்மா ஒருத்தி இருந்தாள். அவள் மூட்டையில் அவள் வீட்டுக்காரரின் சட்டைகளும் வரும். ஒரு சமயம் சட்டை வருவது நின்றது. புடவை மட்டும் வந்தது. மாதக் கணக்கில் அப்படியே ஓடியது. ஒரு நாள் அந்த அம்மாளே ஜன்னலில் குனிந்து, என் வீட்டுக்காரர் போய்விட்டார், சட்டை வராததிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று சொல்லியிருக்கிறாள். ஒரு ஆறுதல் வார்த்தைக்குத்தான் குனிந்திருக்கிறாள், பாவம். மாப்பிள்ளை உள்ளேயிருந்து, "ஆமாங்க, மூட்டை லேசாயிருச்சேன்னு பார்த்தேன்" என்றாராம்.

டீச்சரம்மா மறு வாரத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குத் துணி சுமந்தாள். மாப்பிள்ளைக்கு மண்டை குடைச்சல். சலவையில் என்ன குறை கண்டாள் என்று வீட்டில் என் தங்கையிடம் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் தங்கையோ பிறவி வாயாடி. பேச ஆள் இல்லையென்றால் பாத்திரத்தோடு பேசுவாள். அவளைக் கொண்டுபோய் இந்த ஊமைக் கோட்டையில் விட்டோம். அவள் யாரையாவது வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தால் மாப்பிள்ளை எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வந்தவர்கள் எத்தனை தடவைதான் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்கள்? ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள். அவளுக்கு வரன் பார்த்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெரியம்மா, அந்த வீட்டில் சத்தம் இருக்குமா என்று மட்டும் பாருங்கள் என்றாள். மாமியார், இரண்டு நாத்தனார், ஒரு நாய், ஒரு கிளி என்று தேடிப் பிடித்து வேறு ஊரில் கொடுத்தோம். குழந்தை நிம்மதியாக இருக்கிறாள்.

அதற்கப்புறம் என் தங்கைக்கு மிஞ்சியது ஒரே ஒரு சிநேகிதம். கீழ் வீட்டுத் தையல்காரி. அந்தக் கட்டடத்தில் தரையில் மாப்பிள்ளையின் கடை, முதல் மாடியில் தையல்காரியும் அவள் புருஷனும், அதற்கு மேலே மாப்பிள்ளை வீடு, அதற்கும் மேலே இன்னும் சில குடும்பங்கள். தையல்காரியின் புருஷன் டவுன் பஸ் டிரைவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அவர் குசுகுசுவென்று சொன்னால்கூட மொட்டை மாடிக்குக் கேட்கும். மாப்பிள்ளை கடைக்குப் போனதும் என் தங்கை ஒரு மாடி இறங்கிப் போய் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அந்த மிஷின் சத்தத்தில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. குளியலறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரே இரும்புக் குழாய் மேலிருந்து கீழே இறங்கும். பக்கத்தில் காற்றுக்காக ஒரு குறுகின சந்து, அதைப் பார்த்தபடி ஒவ்வொரு குளியலறைக்கும் தலை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல்.

ஒரு சமயம் மேல் வீட்டில் விருந்தாளிகள் வந்து சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. மாப்பிள்ளைக்குத் தூக்கம் கெட்டது. மேலே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்களேன் என்றாள் என் தங்கை. அவரா போவார்? ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார், குழாயில் டங் டங்கென்று தட்டினார். கட்டடமே கப்சிப். பார்த்தாயா, ஒரு வார்த்தை செலவில்லாமல் காரியம் முடிந்தது என்று திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

அன்று பிடித்த பழக்கம். டி.வி. சத்தமா, டங் டங். குழந்தை குதிக்கிறதா, டங் டங். கட்டடத்து ஜனங்களும் பழகிவிட்டார்கள். குழாய் பேசினால் லாண்டரிக்காரருக்குத் தலைவலி, சத்தத்தைக் குறை. யாரும் சண்டைக்கு வரவில்லை. மரியாதைப்பட்ட மனுஷர், வம்பு தும்பு இல்லாதவர், அவர் சொன்னால் சரி. தையல்காரி ஒருத்திதான் மிஷினை நிறுத்த மாட்டாள். இரும்பு பேசினால் இரும்பு கேட்கட்டும் என்பாள்.

இப்படியே போயிருந்தால் நான் இவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. டிரைவருக்கு உடம்புக்கு வந்ததில்தான் எல்லாம் கெட்டது.

ஒரு மத்தியான நேரம். மாப்பிள்ளை சாப்பிட மேலே வந்திருந்தார். கதவு படபடவென்று தட்டப்பட்டது. தையல்காரி. அவர் கீழே விழுந்துட்டார், கை கால் வரலை, படியில இறக்கணும், ஒரு கை கொடுங்க என்று வெளியிலிருந்து கத்துகிறாள். என் தங்கை எழுந்து ஓடினாள். அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை போய்த் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தார். திறக்க இல்லை. திறக்காமல் இருக்க.

"யாராவது வருவாங்க. ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையில விழும். நமக்கெதுக்கு?"

மெதுவாகத்தான் சொன்னார். மெல்லிய கதவு. வெளியே தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் தையல்காரி மேல் மாடிகளுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவாமலேயே ஓடிவந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஆள் சேர்ந்து, நாற்காலியில் வைத்து இறக்குவதற்குள் நேரம் ஓடிவிட்டது. டிரைவர் பிழைத்தார். இடது கையும் காலும் விழுந்தது விழுந்ததுதான். அந்தக் குரலும் குழறிப்போனது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, தையல்காரி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

தையல்காரி வந்து ஒரு சண்டை போட்டிருந்தால் என் தங்கை தாங்கியிருப்பாள். அவள் போடவில்லை. தைக்கக் கொடுத்திருந்த என் தங்கையின் ரவிக்கையை, பாதி தைத்து ஊசி குத்தியிருந்ததை அப்படியே மடித்து, வாசல் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது புருஷனிடம் ஒன்று சொன்னாள். நீங்கள் ஒரு மாடி இறங்கி, அந்தக் கதவைத் தட்டி, உங்கள் வாயால் அவர்களிடம் பேசிவிட்டு வந்து என்னைக் கூப்பிடுங்கள், அதுவரை வர மாட்டேன் என்றாள்.

ஒரு மாடிதான். தினமும் கடைக்குப் போக அந்தக் கதவைத் தாண்டித்தான் இறங்குகிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறார், சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று.

நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீடு துடைத்த மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தமான வீட்டில் எனக்கு உட்காரவே தோன்றவில்லை.

"ஒரு மாடிதானே மாப்பிள்ளை. போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துட்டா என்ன?"

"என்னன்னு போய்ச் சொல்றது? அவங்களே இப்பத்தான் கொஞ்சம் மறந்திருப்பாங்க. நான் போய் நின்னா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"பக்கத்துல படுத்திருக்கிற புருஷனை அவ எப்படி மறப்பா?"

"அவங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பெண்டாட்டி இல்லாத சங்கடத்தைவிட, ஒரு கதவைத் தட்டுகிற சங்கடம் அவருக்குப் பெரிதாக இருந்தது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனைப் பார்த்திருக்கிறேன். குழம்புச் சட்டிக்குள் விழுந்த பிறகும் நழுவுகிற மீனை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. காலையில் டீ குடித்துவிட்டு மாப்பிள்ளை குளிக்கப் போனார். அந்தக் குளியலறைக் கதவின் கைப்பிடி ரொம்ப நாளாகவே ஆட்டம். தச்சரைக் கூப்பிடுங்கள் என்று என் தங்கை சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள். தச்சர் வந்தால் உள்ளே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார் என்று மாப்பிள்ளை தானே கடை நூலை எடுத்துச் சுற்றிக் கட்டிவைத்திருந்தார். குளித்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். நூல் ஈரத்தில் இற்றிருக்கிறது. உள் பாதி கையோடு வந்தது, வெளிப் பாதி அந்தப் பக்கம் டணாரென்று விழுந்தது. கதவு கதவாகவே நின்றது.

பல் துலக்குகிற பிரஷ்ஷை விட்டு நோண்டினார், உடைந்தது. சீப்பை விட்டு நோண்டினார், பல் போனது. தோளால் இடித்தார், தோள்தான் வலித்தது. சரி, யாராவது வருவார்கள் என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். யார் வருவார்? வருகிறவர்களையெல்லாம் வருஷக்கணக்கில் பாடுபட்டு நிறுத்தியவர் அவர்தானே.

கொஞ்ச நேரம் கழித்துக் கத்தலாம் என்று நினைத்தாராம். அங்கேதான் வந்தது சிக்கல். யாரைச் சொல்லிக் கத்துவது? மேல் வீட்டுக்காரரை அண்ணே என்பதா, தம்பி என்பதா, சார் என்பதா? ஒரு நாளாவது முறை வைத்துக் கூப்பிட்டிருந்தால்தானே வாயில் வரும். 'காப்பாத்துங்க' என்று பொதுவாகக் கத்த வெட்கமாக இருந்ததாம். தண்ணீரிலா மூழ்குகிறோம், எதற்கு ஊரைக் கூட்டுவது என்று. அதனால் தெரிந்த பாஷையிலேயே பேசினார். கையோடு வந்த கைப்பிடியை எடுத்துக் குழாயில் தட்டினார்.

டங் டங்.

மேல் வீட்டில் டி.வி. சத்தம் குறைந்தது. அடடா, காது கேட்டுவிட்டது, வருகிறார்கள் என்று மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். இன்னும் பலமாகத் தட்டினார். டி.வி. நின்றேபோனது. அதற்கும் மேல் வீட்டுக்காரி துணி துவைக்கிற மிஷினைப் பாதியில் நிறுத்தினாள். இன்னும் தட்டினார். குழந்தைகளின் வாயில் பிஸ்கட் வைக்கப்பட்டது. இன்னும் தட்டினார். ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். கடைசி மாடியில் இருமல்காரர் ஒருவர், சளி பிடித்த மனுஷர், தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார். லாண்டரிக்காரருக்கு இன்றைக்கு மண்டைவலி உச்சத்தில் இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு குசுகுசுத்துக்கொண்டார்கள். அவர் உயிரை விட்டுத் தட்டத் தட்ட, கட்டடம் உயிரைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியது. மரியாதைக்குரிய மனுஷர் ஒருவருக்கு இதற்கு மேல் என்ன மரியாதை செய்வது?

தையல்காரி மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, மறுநாள் கொடுக்க வேண்டியது. காலையெல்லாம் பொறுத்தாள். மத்தியானம் பொறுமை போனது. குளியலறைக்குள் போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, சந்து ஜன்னலில் தலையை விட்டு மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க லாண்டரிக்காரரே, காலையிலேருந்து தட்டறீங்களே, கை வலிக்கலையா? நான் மிஷினை நிறுத்த மாட்டேன். இது நின்னா எங்க வீட்டு அடுப்பும் நிக்கும். வேணும்னா காதுல பஞ்சை வச்சுக்குங்க."

மேலே தட்டுவது நின்றது. அப்புறம் மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"நிறுத்த வேண்டாங்க. நீங்க தைங்க."

"பின்னே எதுக்குத் தட்டறீங்க?"

"அது வேற."

"என்ன வேற?"

"கதவு திறக்கலைங்க. குளிக்கிற ரூம்ல இருக்கேன்."

"எப்பேருந்து?"

"காலையிலேருந்து."

அதற்குள் எல்லா மாடியிலும் எல்லோரும் அவரவர் குளியலறைக்குள் வந்து ஜன்னலில் காதை வைத்திருந்தார்கள். ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. தையல்காரி ஸ்டூலில் நின்றபடியே நின்றாள். அவளுக்கு அந்த நேரம் ஒரு மெல்லிய கதவும், அதற்கு அந்தப் பக்கம் கேட்ட குரலும்தான் ஞாபகம் வந்ததாம்.

"யாராவது வருவாங்க" என்றாள். ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டாள்.

கட்டடமே கேட்டது அதை. மாப்பிள்ளையும் கேட்டார். அதற்கப்புறம் குழாய் பேசவில்லை.

அவள் வந்து மிஷினில் உட்கார்ந்தாள். துணியை ஊசிக்கு அடியில் வைத்தாள், கால் மிதிக்க மறுத்தது. படுக்கையில் இருந்த டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கியெடுத்து, போ, போய்த் திற என்றார்.

"உங்களுக்குத் திறந்தாரா அவர்?"

"திறக்கலை. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். போ."

போனாள். வாயில் வந்தபடி திட்டிக்கொண்டேதான் படியேறினாள். எனக்குப் புருஷன் வாய்த்ததும் சரியில்லை, மேல் வீடு வாய்த்ததும் சரியில்லை என்று அவள் திட்டின திட்டில் மற்றவர்களுக்கும் தைரியம் வந்து கதவைத் திறந்தார்கள். கடப்பாரையோடு ஆள் வந்தாயிற்று. வந்தவர்கள் உள்ளே தாழிட்டிருந்த வாசல் கதவுக்கு முன்னால் நின்று தயங்குகிறார்கள். உடைத்தால் சத்தம் வருமே என்று. அவ்வளவு பழக்கிவைத்திருந்தார். தையல்காரிதான் கடப்பாரையைப் பிடுங்கி முதல் போடு போட்டாள். மற்றவர்கள் உள்ளே போய்க் குளியலறைக் கதவையும் நெம்பித் திறந்தார்கள்.

துண்டோடு வெளியே வந்த மாப்பிள்ளை, தன் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேரைப் பார்த்து மிரண்டுபோய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டார். உங்களுக்கெல்லாம் தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்றார்.

கடைசி மாடி இருமல்காரர், காலையிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து ஆசைதீர இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "அட போங்க. இத்தனை வருஷத்துல நீங்க எங்களுக்குன்னு கொடுத்தது இது ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ அவர் சமையலறைக்குள் புகுந்து டீ போட்டார்கள். தையல்காரி உள்ளே வரவில்லை. ஆள் முழுசாக இருக்கிறார் என்று வாசலிலிருந்தே பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இனிமேலாவது ஒரு மாடி இறங்குவார் என்றுதானே நினைப்பீர்கள்? இறங்கினார். ராத்திரி அவள் தைத்து வாசலில் மூட்டையாக வைத்திருந்த சீருடைகளை விடியற்காலையில் கடைக்குத் தூக்கிப்போய், மொடமொடவென்று இஸ்திரி போட்டு, அவள் வாசலில் மாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டார். அப்போதும் கதவைத் தட்டவில்லை. தையல்காரி அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்க் கடைக் கொக்கியில் மாட்டினாள். ஜன்னலில் குனிந்து, "உள்ளே ஆள் இருக்கா? வாய் இருக்கிற ஆள்?" என்று கேட்டாள். "வாய் இருக்கிற ஆள் வந்தா மேலே வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சீருடைகளை மறுபடியும் அள்ளிக்கொண்டு போனாள். அவளுக்கும் அன்றைக்கே கொடுக்க வேண்டுமே.

அந்த வாரத்தில் ஒரு வேலை நாளில், கடை ஜன்னல் சாத்தியிருந்தது. டோக்கனோடு வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். மாப்பிள்ளை முதல் மாடிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விரல் முட்டியால் தட்டுகிறார். உள்ளே மிஷின் ஓடுகிறது, அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். அந்த நேரம் மேலிருந்து இறங்கி வந்தார் இருமல்காரர்.

"பலமாத் தட்டுங்க சார். குழாயைத் தட்டின கைதானே?"

தட்டினார். கதவு திறந்தது. நாலைந்து நாளாக மனசுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துவைத்திருந்தாராம். அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் கறை போன மாதிரி போய்விட்டது. வாயில் வந்தது வேறு.

"அவருக்குக் கால் எப்படி இருக்கு?"

அந்த மனுஷர் தன் வாழ்நாளில் அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கேட்ட முதல் கேள்வி அது. தையல்காரி "கையும்தான்" என்றாள். அப்புறம் மடை திறந்த மாதிரி கொட்டினாள். அன்று விழுந்தது, படியில் ஓடியது, நாற்காலி கட்டியது, டாக்டர் நிறுத்தின பாதிப் பேச்சு, எல்லாம். மாப்பிள்ளை வாசலில் நின்றபடியே கேட்டார். நடுவில் எங்கேயும் நழுவவில்லை. அவள் முடித்ததும் சொன்னார்.

"அன்னிக்கு நான் உள்ளேதான் இருந்தேன்."

"தெரியும்."

"தாழ்ப்பாள்ல என் கைதான் இருந்தது."

"அதுவும் தெரியும். கதவுக்கு அடியில ரெண்டு பேர் காலும் தெரிஞ்சுது."

மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தார். தையல்காரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? அவருக்கு நடக்கப் பழக்கறாங்க ஆஸ்பத்திரியில. செவ்வாயும் வெள்ளியும் போகணும். படியில இறக்க ஆளில்லாம நின்னுபோச்சு. உங்களுக்குத் தோள் இருக்கில்ல? அதைக் கொண்டாங்க."

இந்தச் சேதி மகள் வீட்டுக்கு எட்டியபோது என் தங்கை நம்பவில்லை. இவர் அனுப்பிய புரளி என்றாள். புரளி கிளப்பக்கூட நாலு பேரோடு பேச வேண்டும், உன் புருஷனுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் கிளம்பி வந்து எதிர்ச் சாரியில் நின்று பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு டிரைவர் வெளியே வருகிறார். மெதுவா, நான் என்ன அழுக்கு மூட்டையா என்று குழறிக் குழறித் திட்டுகிறார். மாப்பிள்ளை வியர்த்து வழிந்துகொண்டு, மூட்டை பேசாதுங்க என்கிறார். அழுதாயா சிரித்தாயா என்று பிறகு கேட்டேன். ரெண்டுக்கும் நேரம் கிடைக்கவில்லை அக்கா, என்னைப் பார்த்ததும் இந்தப் பையைப் பிடி என்று கையில் கொடுத்துவிட்டார் என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவளும் போய் அந்தக் கதவைத் தட்டினாள். நானும் உள்ளேதானே நின்றேன், தள்ளிவிட்டுத் திறந்திருக்கலாமே என்று சொல்லப் போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சாயங்காலம் வரைக்கும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மிஷின் ஓடவில்லை என்று மட்டும் இருமல்காரர் சொன்னார். மறுநாள் என் தங்கை மகள் வீட்டிலிருந்த பெட்டியை வரவழைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இப்போதும் கடையில் அதே ஜன்னல், அதே கை. டீச்சரம்மாவைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகத்தான் கால் இழுக்கிறது என்கிறார். போன மாதம் இழுத்துப் பிடித்து நின்று, சௌக்கியமா என்று கேட்டுவிட்டாராம். அந்த அம்மாள் பயந்துபோய், ஏதாவது பாக்கி இருக்கா என்று கேட்டாளாம்.

டிரைவர்தான் அவரைச் சும்மா விடுவதில்லை. குழறுகிற பேச்சு தையல்காரியை விட்டால் வேறு யாருக்கும் விளங்கவில்லை, தோளில் சாய்த்துச் சாய்த்து மாப்பிள்ளைக்கு மட்டும் விளங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டால் மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும். ஊரில் போகிற பஸ், ரோட்டில் விழுந்த பள்ளம், பக்கத்து நாற்காலிக்காரரின் குடும்பம் என்று டிரைவர் சொல்லச் சொல்ல அதையும் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கோபம் வந்துவிடுகிறது. கடை கெடுகிறது, தொண்டை கட்டுகிறது, இதெல்லாம் நமக்கு எழுதியிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து முணுமுணுக்கிறார். என் தங்கை நன்றாகப் படட்டும் என்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில், நடக்கப் பழக்குகிற அறைக்கு வெளியே, பெஞ்சில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் குழறுவதை அந்தப் பக்கத்து ஆளுக்குச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு.